மறு: 'கொமெண்டேட்டர்' – தமிழில் என்ன சொல்லலாம்?

> 'பொறுப்பு மடாதிபதி' போதுமே. பொறுப்புத் துணைவேந்தர் என்று நாளிதழில் எழுதுகிறார்களே.

வணக்கம் ஐயா.

'கொமெண்டேட்டர்' (commendator) என்றால் கிறிஸ்தவத் துறவி மடம் ஒன்று யார் கையில் ஒப்படைக்கப்பட்டதோ அவர். சொல் பிறந்த காலத்துக்கு 'பொறுப்பு' கச்சிதம். மடத்தலைவர் இடம் காலியானால், அடுத்தவர் வரும்வரை மடத்தை ஒருவரிடம் ஒப்படைப்பார்கள். ஆனால் 1500ஐ ஒட்டிய ஸ்காட்லாந்தில் அது ஆயுள்காலப் பதவியாகிவிட்டது. துறவியாக இருக்க வேண்டியதுமில்லை, வருவாய் வந்தால் சரி. ஸ்காட்லாந்து மன்னர் நான்காம் ஜேம்ஸ் தன் தம்பியை 1497இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராயர் ஆக்கினார். ஹோலிரூட், டன்ஃபர்ம்லின், ஆர்புரோத் மடங்களும் ஒவ்வொன்றாகத் தம்பி கைக்குப் போயின. அடுத்த மன்னர் ஐந்தாம் ஜேம்ஸின் மகன் ஒருவனுக்கு, முறைமணத்தில் பிறக்காதவன், 1538இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் மடமே கிடைத்தது. வயது ஏழு இருக்கும். அவனைப் போய் 'பொறுப்பு' என்பதா?

'மடாதிபதி'யும் வேண்டாம். சைவ ஆதீனம்தான் நினைவுக்கு வரும்.

> கேவின் டக்ளஸுக்கும் இதே சொல்தானா?

இல்லை. அவர் கதை வேறு. ஆங்கஸ் பிரபுவின் மூன்றாவது மகன். எடின்பரோ செயின்ட் ஜைல்ஸ் ஆலயத்தின் தலைமைக் குரு. வெர்ஜிலின் 'ஈனியட்' முழுவதையும் ஸ்காட்ஸ் மொழியில் பெயர்த்து 1513 ஜூலையில் முடித்தார். (என்னைக் கேட்டால் அவர் பெயர் நிற்பது அதனால்தான், பதவிகளால் அல்ல.) செப்டம்பரில் இங்கிலாந்துடன் ஃபிளாடன் போர், மன்னர் நான்காம் ஜேம்ஸும் டக்ளஸின் அண்ணன்மார் இருவரும் மாண்டார்கள். மறு ஆண்டு அண்ணன் மகன் மன்னரின் விதவை அரசி மார்கரெட்டை மணக்க, சித்தப்பாவுக்கு யோகம் அடித்தது. அரசி அவரை ஆர்புரோத் மடத்துக்கு முன்மொழிந்தார், பிறகு செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராயர் பதவிக்கு. இரண்டும் கைகூடவில்லை. 1515இல் டன்கெல்ட் ஆயர் பதவி காலியானது. திருத்தந்தை ஆணையும் வந்தது. ஆனால் சாமி வரம் கொடுத்தும் பூசாரி கொடுக்கவில்லை. அத்தோல் பிரபுவின் தம்பி ஆண்ட்ரூ ஸ்டூவர்ட் போட்டிக்கு நின்றார். அரசுப் பிரதிநிதி ஆல்பனியோ, சட்டத்தை மீறி ரோமில் பதவி தேடினார் என்று டக்ளஸைச் சிறையில் வைத்தார். விடுதலையாகி டன்கெல்டுக்குப் போனால், ஸ்டூவர்ட் ஆட்கள் ஆலயக் கோபுரத்திலிருந்தே சுட்டார்கள்!

ஆகவே ஆர்புரோத்தைப் பொறுத்தவரை அவர் 'முன்மொழியப்பட்டவர்' மட்டுமே.

> 'மட மானியதாரர்'?

பழைய பொருளில் அருமை. இன்று மானியம் என்றால் எரிவாயு சிலிண்டர் அல்லவா?

என் முன்மொழிவு 'ஒப்படைத் தலைவர்'. லத்தீன் வேர்ச்சொல்லுக்கும் ஒப்படைத்தல் என்றே பொருள். நில ஒப்படை என்று வருவாய்த்துறை எழுதுவதால், ஒருவர் அனுபவிக்கக் கொடுத்தது என்ற சாயலும் வருகிறது. "மன்னரின் தம்பி டன்ஃபர்ம்லின் மடத்தின் ஒப்படைத் தலைவர்" என்று எழுதினால் இடறவில்லை. மடத்துக்குள் துறவிகளை வழிநடத்தியவருக்கு வெறும் 'மடத்தலைவர்'.

மறுப்பு இருந்தால் இந்த வாரத்துக்குள் சொல்லுங்கள். இயல் அச்சுக்குப் போகிறது.

அன்புடன்