முதுகுக்குப் போன பிறகு பிடி நிற்கவில்லை, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. பிரேசிலிய ஜியு-ஜிட்சு நோ-கி ஸ்பாரிங்கில் (கி அங்கி இல்லாத பயிற்சிச் சண்டையில்) எதிராளியின் முதுகுக்குப் போய்விடுகிறேன். சீட்பெல்ட் பிடி (ஒரு கை கழுத்தைச் சுற்றி, மறு கை அக்குள் வழியாக), இரண்டு ஹூக் (பாதங்களை அவர் தொடைகளுக்கு உள்பக்கம் கொக்கிபோல் மாட்டுவது), எல்லாம் கிடைக்கிறது. கழுத்தைச் சுற்றிய கையின் பக்கம் சாய்ந்தால் பிரச்சினை இல்லை. அக்குள் வழியாகப் போன கையின் பக்கம் உருண்டால்தான் சிக்கல்: கீழ் ஹூக்கை உதறிவிட்டு, இடுப்பை நகர்த்தி, தோள்களைத் தரையில் பதித்துவிடுகிறார்கள். நெஞ்சுக்கும் முதுகுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விழுந்தாலே எல்லாம் போச்சு.

பாடி ட்ரையாங்கிள் (அவர் இடுப்பைச் சுற்றி என் கால்களை முக்கோணமாகப் பூட்டுவது) போட்டால் நிற்கிறது. ஆனால் ஐபிஜேஜேஎஃப் (சர்வதேச பிரேசிலிய ஜியு-ஜிட்சு கூட்டமைப்பு) போட்டி விதியில் அதற்குப் புள்ளி கிடையாது. இரண்டு ஹூக்கோடு 3 விநாடி பிடித்தால்தான் 4 புள்ளி. அதனால் ஹூக்கிலேயே தேற வேண்டும்.

அக்குள் வழியாகப் போன கையின் பக்கம் விழுந்ததும் முதலில் என்ன செய்வீர்கள்? மேல் காலால் இடுப்பை இழுத்துத் திருப்புவதா, மவுண்ட்டுக்கு (எதிராளியின் மேல் ஏறி உட்காரும் நிலைக்கு) மாறிவிடுவதா? எனக்குக் கால் குட்டை. அப்படி உள்ளவர்கள் சொன்னால் ரொம்ப உதவியாக இருக்கும்.