முன்பு இருந்தவர் சிகரெட் பிடித்த வீடு: கைக்குழந்தையோடு குடிபோகலாமா?

வாடகைவீடு_தேடி:
சென்னையில் ஒரு வீடு அமைந்திருக்கிறது. முன்பு இருந்தவர் பல வருடம் வீட்டுக்குள்ளேயே சிகரெட் பிடித்தவர். காலி செய்து ஒரு மாதமாகியும் கதவைத் திறந்தால் வாடை முகத்தில் அடிக்கிறது. ஒரு கோட் வெள்ளையடித்தால் போய்விடும் என்கிறார் ஓனர். குழந்தைக்கு 8 மாதம், தவழ்கிறாள். சுவர் டிஸ்டெம்பர், தரை மொசைக். பழைய ஸ்பிளிட் ஏசியும் ஓனருடைய மெத்தையும் உண்டு. வாடைதானே என்று விடலாமா?

நுரையீரல்_நலம்:
விடாதீர்கள். புகை கலைந்தாலும் நிகோட்டின் சுவரிலும் மெத்தையிலும் தூசியிலும் ஊறிக் கிடந்து மாதக்கணக்கில் கசியும். காற்றிலுள்ள நைட்ரஸ் அமிலத்தோடு அது சேர்ந்தால் நைட்ரோசமைன்கள் என்ற நச்சு வேதிப்பொருள்கள் உருவாகும் என்று கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் 2010இல் காட்டியது. எரியும் கேஸ் அடுப்பிலிருந்தும் அந்த அமிலம் வரும். அந்த நைட்ரோசமைன்களில் ஒன்றான என்என்கே, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வைத்திருக்கும், மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதியான முதல் வகைப் பட்டியலில் இருக்கிறது.

தவழும் குழந்தை தரையைத் தொட்ட கையை அப்படியே வாயில் வைக்கும். பெரியவர்களைவிட அதற்குத்தான் ஆபத்து கூடுதல். பக்கத்தில் ஒருவர் புகைத்தால் குழந்தைக்கு ஆஸ்துமா, காதில் சீழ், திடீர் மரணம் வரை வரலாம் என்பது நிறுவப்பட்ட உண்மை. இப்படிச் சுவரிலும் தூசியிலும் தங்கிய படிவுக்கு அந்த அளவு ஆதாரம் இன்னும் சேரவில்லை. ஆனாலும் என் கருத்தில், சுத்தம் செய்யாமல் குழந்தையை அங்கே இறக்கக்கூடாது.

பட்டி_பிரைமர்:
வெள்ளைத் துணியை நனைத்து ஃபேன் இறக்கையின் மேல்பக்கம் தேய்த்துப் பாருங்கள். டீத்தூள் நிறத்தில் பிசுபிசுப்பாக வந்தால் சுவரும் அப்படித்தான்.

அதன்மேல் நேராக அடித்தால் மஞ்சள் கறை சில வாரத்தில் புது பெயிண்டைத் தாண்டி வெளியே வரும். தண்ணீரில் கலக்கும் பெயிண்ட் நிகோட்டினைக் கரைத்து மேலே இழுத்துவிடும், அதுதான் காரணம். டிஸ்டெம்பர் கழுவத் தாங்காது. நன்றாக நனைத்துச் சுரண்டி, காயவிட்டு உப்புத்தாள் போடுங்கள். உலர்வாகச் சுரண்டினால் அந்தத் தூசிதான் வீடு முழுக்கப் பரவும். பிறகு ஆயில் பிரைமர் ஒரு கோட், காய்ந்தபின் பட்டி, பெயிண்ட். சீலிங்கை விட்டுவிடாதீர்கள், புகை மேலேதான் போய்ச் சேரும்.

கதவு, ஜன்னல் கம்பிக்கு ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை கப் வெள்ளை வினிகர், ஒரு ஸ்பூன் பாத்திரம் கழுவும் லிக்விட். நிகோட்டின் காரத்தன்மை உள்ளது, அமிலத்தில் எளிதில் கரையும். தண்ணீர் பழுப்பானதும் மாற்றுங்கள். கையுறை கட்டாயம். மொசைக்கில் வினிகர் படக்கூடாது, அதிலுள்ள மார்பிள் துண்டுகளை அரித்துவிடும். தரைக்கு சோப்புத் தண்ணீரே போதும். வினிகரோடு பிளீச்சிங் பவுடரும் கூடாது, குளோரின் வாயு வரும்.

வாடகைவீடு_தேடி:
நன்றி. ஓசோன் மெஷின் வைத்தால் ஒரே நாளில் வாடை போகும் என்கிறார்களே? ஏர் பியூரிஃபையர்?

நுரையீரல்_நலம்:
ஓசோன் வேண்டாம். அது நிகோட்டினோடு வினைபுரிந்து ஃபார்மால்டிஹைடையும் மிக நுண்ணிய துகள்களையும் உண்டாக்கும். பியூரிஃபையர் காற்றில் மிதப்பதைப் பிடிக்கும், சுவரில் ஊறியதைத் தொடாது.

பட்டி_பிரைமர்:
ஏசியில் ஃபில்டரை மட்டும் கழுவிவிட்டுப் போவார்கள். கூலிங் காயிலையும் உள்ளே சுழலும் ப்ளோயரையும் கழற்றிக் கழுவச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஆன் செய்யும்போதெல்லாம் வாடை திரும்பும். மெத்தை, தலையணை, திரைச்சீலையை ஓனரையே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மெத்தைக்குள் ஊறியதைக் கழுவி எடுக்க வழியில்லை.