சென்னை–டெல்லி–ஆக்ரா–சென்னை ஒரே நாளில்: அனுபவப் பகிர்வு

கிண்டி வாசி

விடிகாலை விமானத்தில் கிளம்பி, தாஜ்மகாலும் ஆக்ரா கோட்டையும் பார்த்துவிட்டு, ராத்திரி விமானத்தில் சென்னை திரும்ப முடியுமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். முடியும். ஆனால் கணக்கைக் காலையிலிருந்து போடக் கூடாது. ராத்திரி விமானத்தில் ஆரம்பித்துப் பின்னோக்கிப் போட வேண்டும்.

திரும்பும் விமானம் இரவு 10:30 என்று வையுங்கள். செக்-இன் கவுன்ட்டரைப் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள், பாதுகாப்புச் சோதனை வரிசையும் இருக்கிறது. அதனால் 8:45-க்கு விமான நிலைய வாசலில் நிற்க வேண்டும். ஆக்ராவிலிருந்து சாலையில் நான்கு மணி நேரம். ஆக, மாலை 4:45-க்கு வண்டி கிளம்பியாக வேண்டும். கோட்டைக்கு முக்கால் மணி நேரம் என்றால் 4 மணிக்குக் கோட்டை வாசல், 3:30-க்குத் தாஜ் வாசலை விட்டு வெளியே. தாஜுக்குள் இரண்டு மணி நேரம், டிக்கெட்டுக்கும் சோதனைக்கும் அரை மணி. அதாவது பகல் 1 மணிக்கு ஆக்ராவில் இருக்க வேண்டும். அதற்கு டெல்லி விமான நிலையத்திலிருந்து 9 மணிக்கே கார் புறப்பட வேண்டும். பறக்கும் நேரம் மூன்று மணிக்குச் சற்றுக் குறைவு. எனவே சென்னையில் 5:30–5:45 விமானம்தான் கடைசி வாய்ப்பு. 7 மணி விமானம் மலிவாகக் கிடைக்கிறது என்று எடுத்தால் கோட்டையை மறந்துவிடலாம்.

வீட்டை விட்டு மறுபடி வீடு சேர இருபது மணி நேரத்துக்கு மேல். அதில் கட்டடங்களுக்குக் கிடைப்பது மூன்று மணி நேரம்கூட இல்லை. இது தெரிந்து, ஒப்புக்கொண்டு போகிறவர்களுக்கு மட்டும்தான் இந்தப் பயணம்.

முதல் விதி: வெள்ளிக்கிழமை தாஜ்மகால் கிடையாது. கோட்டை எல்லா நாளும் உண்டு. வெள்ளியன்று விமானக் கட்டணம் குறைவாக இருந்ததைப் பார்த்து டிக்கெட் போட்டுவிட்டு, பிறகு கேட்பவர்கள் மாதம் ஒருவராவது வருகிறார்கள்.

நொய்டா தமிழர்

சாலையைப் பற்றி நான் சொல்கிறேன். ஒரு நாள் பயணத்தைக் கெடுப்பது பெரும்பாலும் விமானம் அல்ல, டெல்லிக்குள் ஓடும் முதல் 40 கிலோமீட்டரும் கடைசி 40 கிலோமீட்டரும்தான்.

விமான நிலையத்திலிருந்து தாஜ் சுமார் 230 கிலோமீட்டர். அதில் யமுனா எக்ஸ்பிரஸ்வே 165 கிலோமீட்டர். 2012 ஆகஸ்டில் திறந்த ஆறு வழிச் சாலை, கிரேட்டர் நொய்டாவில் தொடங்கி ஆக்ராவில் முடிகிறது. கார்களுக்கு வேக வரம்பு 100. கேமரா இருக்கிறது, டிரைவரை விரட்டாதீர்கள். குளிர்காலத்தில் பனிமூட்டத்துக்காக வரம்பை 75-க்கு இறக்கிவிடுவார்கள், அப்போது இந்த ஒரு துண்டிலேயே அரை மணிக்கு மேல் கூடும். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முடியும்வரை ஒரு நாள் பயணம் வேண்டாம் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். விமானம் பனியில் தாமதம், சாலை பனியில் மெதுவு, இரண்டையும் தாண்டிப் போய் நின்றாலும் சில நாள் தாஜே பனிக்குள் இருக்கும்.

காலை 9 மணிக்கு டெல்லியின் ஆசிரம் சந்திப்பும் நொய்டா எல்லையில் உள்ள காளிந்தி குஞ்சும் நெரிசல். நொய்டா பக்கம் போய்ச் சேரவே ஒன்றேகால் மணி நேரம் ஆகலாம். மாலை திரும்பும்போதும் அதே இடங்களில்தான் மாட்டுவீர்கள். எக்ஸ்பிரஸ்வேயில் இரண்டே கால் மணியில் வந்தேன் என்று நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள்; காளிந்தி குஞ்சைத் தாண்டிய பிறகுதான் விமானம் நமக்கு.

கார் பேசும்போது கேட்க வேண்டியவை: சுங்கக் கட்டணம், உத்தரப் பிரதேச வரி, பார்க்கிங், டிரைவர் பேட்டா எல்லாம் தொகைக்குள் அடக்கமா? மொத்தம் 480 கிலோமீட்டர் வரை ஓடும், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு எவ்வளவு? வண்டி சிஎன்ஜியா? சிஎன்ஜி என்றால் காலையிலேயே முழுக்க நிரப்பிக்கொண்டு வரச் சொல்லுங்கள். நடுவழியில் கேஸ் பங்க் வரிசையில் நின்றால் அரை மணி காலி. டிரைவர் முந்தைய இரவு வண்டி ஓட்டியவரா என்றும் கேட்டுவிடுங்கள், கூச்சப்பட வேண்டாம். கோடையில் டயரை ஒரு பார்வை பாருங்கள். அது கான்கிரீட் சாலை. தேய்ந்த டயர் சூடேறி வெடிப்பது அங்கே வழக்கமான விபத்து.

எக்ஸ்பிரஸ்வேயின் ஓய்விடத்தில் ஒரே ஒரு தடவை, 15 நிமிடம். அதற்கு மேல் வேண்டாம்.

இன்னொன்று. "வழியில் மார்பிள் ஃபேக்டரி, சும்மா பார்த்துட்டுப் போலாம்" என்பார் டிரைவர். அந்தக் கடையில் அவருக்குக் கமிஷன் உண்டு. வண்டி பேசும்போதே "கடை எதுவும் வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். விற்கிற குட்டித் தாஜ்கள் பெரும்பாலும் மாக்கல், நகத்தால் கீறினாலே கோடு விழும்.

ரயில் பைத்தியம்

போகும்போது கார்தான் வழி. டெல்லியின் ஹஸ்ரத் நிஜாமுதீன் ரயில் நிலையத்திலிருந்து கதிமான் எக்ஸ்பிரஸ் காலை 8:10-க்கே கிளம்பிவிடும், சென்னையிலிருந்து அன்று காலை வருகிறவர்கள் அதைப் பிடிக்க முடியாது. ஆனால் திரும்பும்போது அதே கதிமான் ஆக்ரா கேன்ட் நிலையத்திலிருந்து மாலை 5:50-க்கு எடுத்து 7:30-க்கு நிஜாமுதீனில் விடுகிறது. 160 கிலோமீட்டர் வேகம் வரை போகிற ரயில், 2016-லிருந்து ஓடுகிறது. நேரத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் என்ன லாபம்? கோட்டையில் 5 மணி வரை இருக்கலாம். நிஜாமுதீனிலிருந்து விமான நிலையத்துக்கு டாக்சியில் ஒரு மணி நேரம் வைத்தாலும் 8:30 ஆகிவிடும். நொய்டா நெரிசல் கிடையாது. வெள்ளிக்கிழமை கதிமான் ஓடாது, அன்று தாஜும் இல்லை என்பதால் கவலையில்லை. முன்பதிவு 60 நாள் முன்பு திறக்கும், விமான டிக்கெட் எடுத்த கையோடு இதையும் போட்டுவிடுங்கள்.

நொய்டா தமிழர்

ரயில் யோசனை நல்லதுதான், ஆனால் செலவு குறையும் என்று நினைக்க வேண்டாம். ஆக்ராவில் விட்டுவிட்டுப் போகிற காரும் காலியாகத் திரும்புவதற்குச் சேர்த்துத்தான் கேட்பான். பையும் நம் கையில்தான் இருக்கும், காரில் போட்டுவிட்டு வெறுங்கையோடு தாஜுக்குள் போக முடியாது. இரண்டு பேர், ஆளுக்கொரு சின்னப் பை என்றால் ரயில். குழந்தை குட்டியோடு என்றால் கார்.

கல்தச்சன்

தாஜ் வாசலில் நேரம் எங்கே போகிறது என்று பார்ப்போம்.

கிழக்கு வாசல், மேற்கு வாசல் இரண்டில்தான் அனுமதி. எக்ஸ்பிரஸ்வேயில் வருகிறவர்களுக்குக் கிழக்கு வாசல் வசதி. கூட்டமும் பெரும்பாலும் மேற்கை விடக் குறைவு. பெட்ரோல், டீசல் வண்டிகள் வளாகத்துக்கு 500 மீட்டருக்குள் வர முடியாது. கிழக்குப் பக்கம் ஷில்ப்கிராமில் வண்டியை நிறுத்திவிட்டு, சுமார் ஒரு கிலோமீட்டர் பேட்டரி வண்டியில் போக வேண்டும். "கவுன்ட்டர் மூடிட்டாங்க, நான் டிக்கெட் வாங்கித் தரேன்" என்று ஒருவர் கட்டாயம் வருவார். பதில் சொல்லாமல் நடங்கள்.

தொல்லியல் துறையின் ஆன்லைன் டிக்கெட்டை முதல் நாளே எடுத்து, கியூஆர் குறியீட்டை ஸ்கிரீன்ஷாட்டாக வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் இணையம் இழுக்கும். இந்தியர்களுக்கு நுழைவு 50 ரூபாய், சமாதிக் கட்டடத்துக்குள் போக மேலும் 200. இரண்டையும் சேர்த்தே எடுங்கள். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் என்றால் 1100, அதோடு அந்த 200. இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு சார்க் (தெற்காசிய நாடுகள்) கட்டணம் 540 தான், பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். 15 வயதுக்குக் கீழ் டிக்கெட் இல்லை. உள்ளே மூன்று மணி நேரம்தான் செல்லும்.

பாதுகாப்புச் சோதனையில் திருப்பி அனுப்புபவை: தின்பண்டம், புகையிலை, லைட்டர், டிரைபாட், மொபைல் சார்ஜர், பெரிய பை. செல்போன், கேமரா, தண்ணீர் பாட்டில் அனுமதி. லாக்கர் உண்டு, ஆனால் வைக்க ஒரு வரிசை, எடுக்க ஒரு வரிசை, எந்த வாசலில் வைத்தோமோ அங்கேயே திரும்ப வேண்டும். இரண்டு மணி நேரத்தில் இருபது நிமிடத்தை லாக்கருக்குக் கொடுப்பது வீண்.

உள்ளே போனதும் பெருவாயிலைத் தாண்டிய இடத்தில் எல்லோரும் படம் எடுக்க நின்றுவிடுகிறார்கள். நிற்காதீர்கள். தோட்டத்தின் ஓரப் பாதையில் நேராகச் சமாதிக்குப் போய் முதலில் அந்த வரிசையை முடியுங்கள். செருப்புக்கு மேல் உறை போட வேண்டும், உள்ளே படம் எடுக்கக் கூடாது. நடுவில் மும்தாஜின் கல்லறை, பக்கத்தில் கொஞ்சம் பெரிதாக ஷாஜகானுடையது. முழு வளாகத்திலும் சமச்சீர் தவறுகிற ஒரே இடம் அது. நாம் பார்ப்பது மேல்தளத்து அடையாளக் கல்லறைகள், உண்மையானவை கீழ் அறையில். சுற்றியிருக்கிற பளிங்குச் சல்லடைத் திரையில் ஒரே ஒரு பூவை எடுத்துக்கொண்டு அருகில் போய்ப் பாருங்கள், எத்தனை கல் துண்டுகள் இழைத்திருக்கிறார்கள் என்று. விரல் நகம் அளவு இதழுக்குள்ளேயே நிறம் மாறும். வரிசை நகரச் சொல்லித் தள்ளும், தள்ளட்டும்.

வெளியே வந்து, ஆற்றுப் பக்கமாகச் சுற்றி, மேற்கே மசூதியின் செங்கல் நிற வளைவுக்குள்ளிருந்து தாஜைப் பாருங்கள். நல்ல படம் அங்கேதான் கிடைக்கும். நிழலும் அங்கேதான், மே மாதம் அந்தப் பளிங்கு மேடையில் கண்ணைத் திறக்க முடியாது. தாஜின் முகம் தெற்கு நோக்கியது. மதியம் இரண்டு மணிக்கு மேல் வெயில் மேற்கிலிருந்து சாய்வதால் இடப்பக்கம் ஒளியும் வலப்பக்கம் நிழலுமாகக் கட்டடத்துக்குக் கனம் வரும். ஒரு நாள் பயணிகளுக்கு அமைகிற நேரம் இதுதான், சூரிய உதயம் கிடைக்கவில்லையே என்று வருந்த வேண்டாம். நுழைவாயில் விளிம்பில் ஓடும் குர்ஆன் வரிகள், அமானத் கானின் கைவண்ணம், மேலே போகப்போகப் பெரிதாகச் செதுக்கியவை. அதனால்தான் கீழிருந்து எல்லாம் ஒரே அளவாகத் தெரிகிறது. திரும்பும்போது தோட்டத்தின் நடுப்பாதையில் வாருங்கள், படம் எடுக்க அப்போது நிற்கலாம்.

கோட்டைக்கு இரண்டரை கிலோமீட்டர். 2024-ல் திறந்த ஆக்ரா மெட்ரோவில் தாஜ் கிழக்கு வாசல், தாஜ்மகால், ஆக்ரா கோட்டை மூன்றுமே நிலையங்கள். மேற்கு வாசல் வழியாக வெளியே வந்தால் அது உதவும். கார் கிழக்கில் நின்றால் காரே மேல். கோட்டையில் ராணுவத்திடம் உள்ள பெரும்பகுதிக்குள் போக முடியாது, ஆகவே முக்கால் மணி போதும். அமர்சிங் வாயில், ஜஹாங்கிரி மஹல், காஸ் மஹல், முசம்மன் புர்ஜ், பிறகு திவான்-இ-காஸ், திவான்-இ-ஆம் வழியாக வெளியே. 1658-லிருந்து 1666-ல் சாகும்வரை ஷாஜகானை ஔரங்கசீப் சிறை வைத்தது இந்தக் கோட்டையில்தான். முசம்மன் புர்ஜிலிருந்து ஆற்று வளைவுக்கு அப்பால் தாஜ் தெரியும். காற்று மாசுள்ள நவம்பர் நாட்களில் தெரியாது.

முகலாயர் கால நகரமான ஃபதேபூர் சிக்ரியைச் சேர்க்கலாமா என்று கேட்காதீர்கள். ஆக்ராவிலிருந்து இன்னும் 40 கிலோமீட்டர் மேற்கே, திரும்பவும் அதே தூரம்.

கோவை அக்கா

பெரியவர்களைக் கூட்டிப்போகிறவர்களுக்கு மட்டும் சில வார்த்தை. பேட்டரி வண்டி வாசல்வரைதான். உள்ளே பெருவாயிலிலிருந்து சமாதி வரை 300 மீட்டர் நடை, மேடைக்குப் படி ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு 200 ரூபாய் டிக்கெட் எடுக்காமல், நடுவில் உள்ள பளிங்குத் தொட்டி மேடையில் உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் போய் வரலாம். மதியச் சாப்பாட்டுக்கு ஆக்ராவில் ஓட்டல் தேடினால் ஒரு மணி நேரம் போகும். புளியோதரையோ எலுமிச்சை சாதமோ கட்டிக்கொண்டு, பன்னிரண்டு மணிக்குக் காரிலேயே முடித்துவிடுங்கள். மிச்சத்தைக் காரிலேயே வையுங்கள், கையில் வைத்துக்கொண்டு நடந்தால் குரங்கு சும்மா விடாது. ஆளுக்கு 7 கிலோவுக்குள் கைப்பை மட்டும். சூட்கேஸ் ஒன்றை லக்கேஜில் போட்டால் டெல்லியில் பெல்ட் முன்னால் நிற்க அரை மணி. ஆக்ராவின் பூசணி இனிப்பான பேத்தா வாங்குவதானால் கோட்டையிலிருந்து கிளம்பும் வழியில், டிரைவர் சொல்கிற கடையில் அல்ல.

கிண்டி வாசி

விமானம் தாமதமானால் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. எல்லைக்கோடு இது: டெல்லி விமான நிலையத்தை விட்டுக் கார் கிளம்ப 11 மணி தாண்டிவிட்டால் ஆக்ராவைக் கைவிடுங்கள். போய்ச் சேர 3 மணி, உள்ளே நுழைய 3:30, ஒரு மணி நேரம் பார்த்து ஓடி வர வேண்டும், விமானம் தவறும் அபாயத்தோடு. அதற்குப் பதில் டெல்லிக்குள்ளேயே குதுப் மினார், ஹுமாயூன் சமாதி. இரண்டும் உலகப் பாரம்பரியச் சின்னங்கள், ஹுமாயூன் சமாதி தாஜுக்கு முன்னோடி. 1570-களில் முடிந்த அந்தக் கட்டடத்திலேயே நாற்பங்குத் தோட்டம், நடு மேடை, இரட்டைக் குவிமாடம் எல்லாம் வந்துவிட்டன. வெள்ளிக்கிழமை மாட்டிக்கொண்டவர்களுக்கும் இதே வழிதான். செங்கோட்டையைத் திங்களன்று வைத்துக்கொள்ளாதீர்கள், அன்று விடுமுறை. இப்படி மாறினால் கார்க்காரர் என்ன தொகை கேட்பார் என்பதையும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

உள்நாட்டு விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்க உரிமை உண்டு. ஆனால் போகவும் வரவும் வெவ்வேறு நிறுவனத்தில் எடுத்திருந்தால், காலை விமானம் ரத்தானதற்காக ராத்திரிக்காரர் ஒரு பைசா தரமாட்டார். கட்டணம் சற்றுக் கூடினாலும் ஒரே நிறுவனம், ஒரே முன்பதிவு.

கடைசியாக, டெல்லியில் இறங்கிய முனையமும் ஏறும் முனையமும் ஒன்றாக இருக்கும் என்று நம்பாதீர்கள். முனையம் 1-க்கும் 3-க்கும் இடையே நடந்து போக முடியாது, பல கிலோமீட்டர். கோட்டையிலிருந்து கிளம்பும்போதே போர்டிங் பாஸைத் திறந்து எந்த முனையம் என்று டிரைவரிடம் காட்டிவிடுங்கள். விமான நிலையத்தை ஒட்டிய மஹிபால்பூர் வந்த பிறகு சொன்னால் திருப்பம் தவறிப்போயிருக்கும்.