பாப்பாவுக்குப் பள்ளி: எங்கள் குடும்பக் குழுவில்

நான்: எல்லோரிடமும் ஒரு யோசனை கேட்க வேண்டும். பாப்பாவை முதல் வகுப்பில் சேர்க்கப் போகிறோம். இரண்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் இருக்கின்றன. ஒன்று நடந்து போகிற தூரம், சின்னப் பள்ளி. இன்னொன்று கொஞ்சம் தள்ளி, பெரியது. எது நல்ல பள்ளி என்று எதை வைத்து முடிவு செய்வது? ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள்.

அண்ணன்: இதில் யோசிக்க என்ன இருக்கிறது? தேர்வு முடிவுகளைப் பார். தள்ளி இருக்கிற பள்ளிதான் மேலே இருக்கும்.

நான்: பார்த்துவிட்டேன் அண்ணா. பெரிய பள்ளிதான் மேலே இருக்கிறது. சின்னப் பள்ளி ஒரு வருடம் நன்றாக ஏறுகிறது, அடுத்த வருடம் அப்படியே விழுகிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

அம்மா: பக்கத்தில் இருப்பதையே பாரும்மா. சின்னக் குழந்தையை அலைய வைக்காதே.

அண்ணி: சின்னப் பள்ளியைப் பற்றி அக்கம்பக்கத்தில் யாரும் நல்லதாகச் சொல்வதில்லை. ஆனால் விசாரித்தால், அப்படிச் சொல்கிற ஒருவரும் அதன் உள்ளே கால் வைத்ததில்லை. உன் சித்தி, அதுதான் என் சின்ன அத்தை, இத்தனை வருடம் தலைமையாசிரியையாக இருந்தவர்கள், அவர்களைக் கேட்போம்.

அண்ணன்: ஊர் வாயை விடு. எண் பொய் சொல்லாது.

சித்தப்பா: தம்பி, முதலில் எண்ணையே பார்ப்போம். சின்னப் பள்ளியில் ஒரு வகுப்புக்கு எத்தனை பிள்ளைகள்?

நான்: இருபது பேர் இருப்பார்கள் சித்தப்பா.

சித்தப்பா: அப்படியானால் ஒரு பிள்ளை என்பது 5 சதவீதம். தேர்வன்று இரண்டு பேருக்குக் காய்ச்சல் என்றாலே தேர்ச்சி 10 சதவீதம் இறங்கிவிடும். மறுவருடம் கெட்டிக்காரப் பிள்ளைகள் இரண்டு பேர் வந்து சேர்ந்தால் ஏறிவிடும். கற்பித்தலில் எந்த மாற்றமும் இருக்காது. தாமஸ் கேன், டக்ளஸ் ஸ்டைகர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2002இல் இதை எழுதினார்கள். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்துப் பள்ளிகளை எடுத்துப் பார்த்தபோது, சின்னப் பள்ளிகளின் எண்தான் வருடத்துக்கு வருடம் அதிகம் ஆடியது. பட்டியலின் உச்சியிலும் அவைதான் வந்தன, அடியிலும் அவைதான் வந்தன. அதனால் ஒரு வருட முடிவை வைத்து எதையும் சொல்லாதே. மூன்று நான்கு வருடத்தைச் சேர்த்துச் சராசரி பார்.

அண்ணன்: சரி, அது சின்னப் பள்ளிக்கு. பெரிய பள்ளி எல்லா வருடமும் மேலே இருக்கிறதே?

சித்தி: நான் சொல்கிறேன். இப்போதுதான் ஃபோனைப் பார்த்தேன்.

சித்தி: தேர்வுச் சராசரி என்பது பெரும்பாலும் அங்கே யார் வீட்டுப் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பதைத்தான் காட்டும். புதிதாகக் கண்டுபிடித்த விஷயம் இல்லை இது. 1966இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் ஓர் ஆய்வு நடந்தது. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களைச் சோதித்தார்கள். மதிப்பெண்ணில் இருந்த வித்தியாசத்துக்குப் பள்ளிக் கட்டடம், வசதி, செலவு இவற்றைவிடக் குடும்பப் பின்னணிதான் பெரிய காரணமாகத் தெரிந்தது. வீட்டில் படித்த பெற்றோர், புத்தகம், மாலையில் டியூஷன் எல்லாம் உள்ள பிள்ளை எந்தப் பள்ளியில் இருந்தாலும் ஓரளவு மதிப்பெண் வாங்கும். அந்த மதிப்பெண்ணைப் பள்ளியின் கணக்கில் எழுதக் கூடாது.

அண்ணன்: அப்படியென்றால் எந்தப் பள்ளியில் போட்டாலும் ஒன்றுதானா சித்தி?

சித்தி: இல்லவே இல்லை. பிள்ளை எங்கே வந்து நிற்கிறது என்பதை மட்டும் பார்க்காதே, எங்கிருந்து கிளம்பியது என்று பார் என்கிறேன். இரண்டாம் வகுப்பில் இருந்த அதே பிள்ளைகள் நான்காம் வகுப்பில் எவ்வளவு முன்னேறியிருக்கிறார்கள் என்று கேள். அதுதான் பள்ளி செய்த வேலை. அப்புறம், பின்னாளில் வந்த ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின. ஒரே பள்ளிக்குள்ளேயே ஓர் ஆசிரியரின் வகுப்புக்கும் அடுத்த அறையில் இருக்கிற ஆசிரியரின் வகுப்புக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. பள்ளியின் பெயரைப் பார்த்துச் சேர்க்கிறோம், ஆனால் பிள்ளைக்குக் கிடைப்பது ஓர் ஆசிரியர்.

அண்ணி: எண்ணையே குறியாக வைத்தால் வேறு தொல்லையும் வருமே சின்ன அத்தை?

சித்தி: வரும்மா. அமெரிக்காவின் அட்லாண்டா நகரத்தில் வந்தது. அந்த ஊர்ப் பொதுப் பள்ளிகளில் தேர்வு மதிப்பெண்ணுக்கு அவ்வளவு நெருக்கடி. 2011இல் விசாரணை அறிக்கை வந்தபோது 44 பள்ளிகளில் 178 ஆசிரியர்கள், தலைமையாசிரியர்கள் பெயர் அதில் இருந்தது. பிள்ளைகள் எழுதிய தவறான விடையை அழித்துச் சரியாக்கியிருக்கிறார்கள். அவர்களைத் திட்டி விட்டுவிடலாம். எனக்கு அந்தப் பிள்ளைகளை நினைத்தால்தான் மனம் ஆறவில்லை. படிக்கத் தெரியாத பிள்ளைக்குத் தெரியும் என்று தாளில் வந்துவிட்டால், அதற்குக் கிடைக்க வேண்டிய உதவி கிடைக்காமலே போய்விடும்.

நான்: புரிகிறது சித்தி. ஆனால் எண்ணையும் முழுதாக நம்பக் கூடாது, ஊர்ப் பேச்சையும் நம்பக் கூடாது என்றால் நான் எதைத்தான் பார்ப்பது?

சித்தி: பள்ளி நடக்கிற நாளில் உள்ளே போய்ப் பார். அனுமதி கேட்டுக்கொண்டு போ. பிள்ளைகள் படிக்கிறார்களா என்று பார். தொடக்கப் பள்ளிக்கு எனக்குத் தெரிந்து இதைவிடப் பெரிய சோதனை கிடையாது.

நான்: வாசிக்கச் சொல்லிக் கேட்பதா?

சித்தி: ஆமாம். ஆனால் எப்படிக் கேட்பது என்று இருக்கிறது. முதல் பாடத்தைத் திறந்து "படி" என்று சொன்னால் பாதி வகுப்பு கடகடவென்று ஒப்பித்துவிடும். விரல் ஒரு வரியில் இருக்கும், வாய் அடுத்த வரியில் இருக்கும். கவனித்துப் பார்த்தால் தெரியும். அதனால் படத்தைக் கையால் மறைத்துவிட்டு, நடுப் பக்கத்தில் ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டி இது என்ன என்று கேட்க வேண்டும். கடைசி வரியிலிருந்து தொடங்கச் சொல்லலாம். பாடப் புத்தகத்தில் இல்லாத சின்னக் கதை ஒன்றைக் கொடுத்தால் இன்னும் நல்லது. எழுத்துக் கூட்டிப் படித்தாலும் பரவாயில்லை, அந்தப் பிள்ளை படிக்கிறது. ஒப்பிக்கிற பிள்ளை அங்கே அப்படியே நின்றுவிடும், ஆசிரியர் முகத்தைப் பார்க்கும். அந்தப் பார்வையை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சித்தப்பா: இந்தியாவில் 2005இல் தொடங்கிய அசர் கணக்கெடுப்பும் இப்படித்தான். வீட்டுக்கே போய் ஒவ்வொரு பிள்ளையாக உட்கார வைத்து, எழுத்து, சொல், சின்னப் பத்தி, இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு கதை என்று வாசிக்கச் சொல்வார்கள். ஒரு தாள், சில நிமிடம், அவ்வளவுதான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பலர் அந்தக் கதையில் திணறுகிறார்கள் என்பது அதில்தான் வெளியே வந்தது.

அண்ணன்: எல்லாப் பிள்ளைகளும் ஒரே வேகத்தில் படிக்குமா? மெதுவாகப் படிக்கிற பிள்ளை தானாகப் பிடித்துக்கொள்ளாதா?

சித்தி: அந்த "தானாக" என்கிற நம்பிக்கைதான் பிள்ளைகளைக் கெடுக்கிறது தம்பி. கானி ஜூயல் என்ற ஆய்வாளர் 54 பிள்ளைகளை முதல் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்பு வரை தொடர்ந்து பார்த்தார். 1988இல் அந்த ஆய்வு வெளிவந்தது. முதல் வகுப்பு முடியும்போது வாசிப்பில் பின்தங்கியிருந்த பிள்ளை நான்காம் வகுப்பு முடிவிலும் பின்தங்கியே இருக்க 88 சதவீத வாய்ப்பு இருந்தது. படிக்க வராத பிள்ளை குறைவாகப் படிக்கிறது. குறைவாகப் படிப்பதால் இன்னும் வராமல் போகிறது. யாராவது நடுவில் கை கொடுத்தால்தான் உண்டு.

சித்தி: அதனால் தலைமையாசிரியரிடம் இந்த ஒரு கேள்வியைக் கட்டாயம் கேள்: "இரண்டாம் வகுப்பில் வாசிக்க வராத பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களுக்கு இப்போது என்ன செய்கிறீர்கள்?" நல்ல தலைமையாசிரியருக்கு அந்தப் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் தெரியும். "நான்கு பேர் இருக்கிறார்கள், இந்த டீச்சர் தினமும் அரை மணி தனியாக உட்கார வைக்கிறார்" என்று உடனே சொல்வார். "எங்கள் பள்ளியில் எல்லோருமே நன்றாகப் படிப்பார்கள்" என்று சொன்னால் எனக்குக் கவலை வந்துவிடும். எல்லாப் பள்ளியிலும் அப்படிப் பிள்ளைகள் உண்டு. பார்க்கிறார்களா இல்லையா என்பதுதான் கேள்வி.

நான்: பாப்பா இப்போதே எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள் சித்தி. அவளுக்கு இது எவ்வளவு பொருந்தும்?

சித்தி: முழுக்கப் பொருந்தும் கண்ணு. பின்னால் நிற்கிற பிள்ளை எங்கே நிற்கிறது என்று தெரிந்த ஆசிரியருக்கு முன்னால் ஓடுகிற பிள்ளையும் எங்கே இருக்கிறது என்று தெரியும். வகுப்பு முழுவதையும் ஒரே கூட்டமாகப் பார்க்கிறவருக்கு இரண்டுமே தெரியாது.

அண்ணி: நோட்டுப் புத்தகம் பார்க்கலாமா? என் பையன் விஷயத்தில் அதில்தான் எனக்கு நிறையத் தெரிந்தது.

சித்தி: கட்டாயம் பார்க்க வேண்டும். நான்கைந்து நோட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். "என் நண்பன்" என்ற தலைப்பில் எல்லாப் பிள்ளைக்கும் அதே ஆறு வரி, அதே நண்பன் என்றால் அது கரும்பலகையிலிருந்து எழுதியது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், பிள்ளை எழுதியது ஒரு வரிகூட இருக்காது. ஒவ்வொரு நோட்டிலும் வேறு வேறு பிழை இருந்தால் எனக்குச் சந்தோஷம். அப்புறம் திருத்தத்தைப் பார். பக்கம் முழுக்க ஒரே பெரிய சிவப்புச் சரி போட்டிருந்தால் படித்துப் பார்க்கவில்லை என்று அர்த்தம். பிழையான சொல்லின் கீழே கோடு போட்டு, பிள்ளை அதைத் திரும்ப எழுதி, அதையும் ஆசிரியர் பார்த்திருந்தால் அந்த வகுப்பில் தைரியமாகச் சேர்க்கலாம்.

அம்மா: கழிப்பறையை மறந்துவிடாதீர்கள். தண்ணீர் வருகிறதா, உள்ளே இருந்து தாழ்ப்பாள் போட முடிகிறதா என்று பார்க்க வேண்டும். பெண் குழந்தை.

சித்தி: சரியாகச் சொன்னாய் அக்கா. தாழ்ப்பாள் ஒரு ஆறு வயதுப் பிள்ளைக்கு எட்டுகிறதா என்றும் பார்க்கச் சொல். போவதற்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கிற பிள்ளைக்கு மதியத்துக்கு மேல் பாடம் காதில் ஏறாது.

சித்தப்பா: நூலகம்?

சித்தி: இருக்கிறதா என்று கேட்காதே, புத்தகத்தின் ஓரம் பார். மடங்கி, கிழிந்து, ஒட்டுப் போட்டிருந்தால் பிள்ளைகள் எடுக்கிறார்கள். கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி வைத்த புதுப் புத்தகத்தால் யாருக்கும் பயனில்லை.

அண்ணன்: ஒரு வகுப்பில் எத்தனை பேர் என்பது முக்கியமில்லையா? அந்த வகையில் சின்னப் பள்ளிக்கு ஒரு புள்ளி கூடக் கொடுக்கலாம் போலிருக்கிறதே.

சித்தப்பா: கொடுக்கலாம். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985 முதல் 1989 வரை ஒரு பெரிய சோதனையே நடத்தினார்கள். மழலையர் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை, பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலரை 13 முதல் 17 பேர் உள்ள வகுப்பிலும் மற்றவர்களை 22 முதல் 25 பேர் உள்ள வகுப்பிலும் போட்டார்கள். சின்ன வகுப்புப் பிள்ளைகள் வாசிப்பிலும் கணக்கிலும் முன்னே இருந்தார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குப் பலன் இன்னும் அதிகம்.

சித்தி: ஆனால் இருபது பேருக்கு ஒரு ஆசிரியர் தனியாக இருக்கிறாரா, இல்லை அவரே இரண்டு வகுப்பைச் சேர்த்துப் பார்க்கிறாரா என்று கேட்டுக்கொள். இரண்டு வகுப்பையும் அழகாக நடத்துகிறவர்கள் உண்டு, அதற்குத் தனித் திறமை வேண்டும். ஆசிரியர்கள் அடிக்கடி மாறிப் போகிறார்களா என்றும் கேள். வருடத்தின் நடுவில் ஆசிரியர் போய் மாதக்கணக்கில் ஆள் வராத வகுப்பை எந்தப் பட்டியலும் காட்டாது.

அண்ணன்: சரி சித்தி. நான் பட்டியலைத் தூக்கிப் போட மாட்டேன், ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம் என்று ஒத்துக்கொள்கிறேன். சித்தப்பா சொன்னபடி நான்கு வருட எண்களைச் சேர்த்து இரண்டு பள்ளிக்கும் கணக்குப் போட்டு அனுப்புகிறேன்.

நான்: அனுப்பு அண்ணா. இரண்டு பள்ளிக்கும் ஃபோன் செய்து அனுமதி கேட்கிறேன். பெற்றோர் வந்து பார்ப்பதைச் சில இடங்களில் விரும்ப மாட்டார்களே, என்ன செய்வது?

சித்தி: முதல் நாளே வகுப்புக்குள் விடாமல் இருக்கலாம், அதில் தப்பில்லை. பாடம் கெடக் கூடாது என்று நினைப்பார்கள். வேறு ஒரு நேரம் சொல்கிறார்களா, கேள்விக்கு உட்கார்ந்து பதில் சொல்கிறார்களா என்று பார். நானே வேலை நடுவில் வந்த பெற்றோரைக் காத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். வாசலிலேயே நிறுத்தி அனுப்பியதில்லை.

அண்ணி: நானும் கூட வருகிறேன். நீ தலைமையாசிரியரிடம் பேசு, நான் நோட்டையும் கழிப்பறையையும் பார்க்கிறேன்.

சித்தி: காலை இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் போய்ச் சேருங்கள். கடைசிப் பத்து நிமிடப் பாடமும் தெரியும், பிள்ளைகள் வெளியே வந்து எப்படி இருக்கிறார்கள் என்றும் தெரியும். பாப்பாவுக்குப் பிடித்த கதைப் புத்தகம் ஒன்றைப் பையில் எடுத்துக்கொள். இரண்டாம் வகுப்புப் பிள்ளை யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்ல உதவும்.

நான்: சரி சித்தி. சின்னப் பள்ளிக்கு முதலில் போகிறோம், பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.