குடும்ப மருத்துவத் துறை: முதலில் ஓ.பி.யா, பேராசிரியர் போஸ்ட்டா?

நெல்லைக்காரன் | திங்கள், இரவு 9.40

ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் குடும்ப மருத்துவத் துறைக்கு ஹெச்.ஓ.டி.யாக, அதாவது துறைத் தலைவராகச் சேர்ந்து 14 மாதம் ஆகிறது. எந்த வயதுக்காரர் எந்த உபாதையோடு வந்தாலும் முதலில் பார்த்து, தொடர்ந்தும் கவனிக்கிற வைத்தியம் எங்களுடையது. துறை என்றால் நான், இரண்டு உதவிப் பேராசிரியர்கள், ஆறு பிஜி (மேற்படிப்பு மாணவர்கள்), மருந்தகத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை. பழைய எக்ஸ்ரே ஃபிலிம் அடுக்கி வைத்திருந்த அறை அது. இன்னும் அந்த வாடை போகவில்லை.

போன வாரக் கூட்டத்தில் நிர்வாகம் இரண்டு வழி சொன்னது. ஊர் முழுவதின் ஆரோக்கியத்தைக் கவனிக்கும் சமுதாய மருத்துவத்தோடு சேர்ந்துவிடுங்கள், இல்லாவிட்டால் பொது மருத்துவத்துக்குக் கீழே ஒரு யூனிட்டாக இருங்கள் என்றார்கள். நான் இரண்டுக்கும் தலையாட்டவில்லை. நான் கேட்டது ஒன்றுதான்: தனி ஓ.பி. (புறநோயாளிப் பிரிவு), அதில் ஒரு தடவை பார்த்த நோயாளி அடுத்த தடவையும் அதே டாக்டரிடம் வரும்படி டோக்கன். ஆராய்ச்சி, பேராசிரியர் பதவி எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. வியாழக்கிழமை மறுபடி கூட்டம். தப்பு இருந்தால் தயவு தாட்சண்யம் பார்க்காமல் சொல்லுங்கள்.

கத்திக்காரர் | திங்கள், இரவு 10.15

நான் சர்ஜன். தாட்சண்யம் எங்கள் சிலபஸில் கிடையாது. உங்கள் வரிசையே தலைகீழ் சார்.

எம்.பி.பி.எஸ். கல்லூரியில் இன்னின்ன துறை இருந்தாக வேண்டும் என்று ஒரு பட்டியல் இருக்கிறதே, அதில் குடும்ப மருத்துவம் இல்லை. இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிறவர் உங்கள் அறைக் கதவைத் தட்டப் போவதே இல்லை. அவர் தேடாத துறைக்கு எந்த மேனேஜ்மென்ட் மனதாரச் சம்பளம் போடும்? 2017 தேசிய சுகாதாரக் கொள்கையில் குடும்ப மருத்துவம் இருக்கிறது, 2019 தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்திலும் அந்த வார்த்தை இருக்கிறது. ஏட்டுச் சுரைக்காய்! பதவியை முதலில் வாங்குங்கள். ஸ்காட்லாந்தின் எடின்பரோவைப் பாருங்கள், குடும்ப மருத்துவத்துக்கு (அங்கே ஜெனரல் பிராக்டிஸ் என்பார்கள்) உலகத்திலேயே முதல் பேராசிரியர் பதவி 1963இல் அங்கேதான் வந்தது. அதற்கப்புறம்தான் மற்ற ஊர்க்காரர்கள் இதை ஒரு துறையாகவே மதித்தார்கள்.

ஊர்க்கணக்கு | திங்கள், இரவு 11.02

சமுதாய மருத்துவத்தில் 19 வருஷம் பாடம் எடுத்தவள் என்ற முறையில் சொல்கிறேன். சேர்ந்துவிட்டால் என்ன குறைந்துபோகும்? போபால், புவனேஸ்வர், ஜோத்பூர் எய்ம்ஸ்களில் சமுதாய மருத்துவமும் குடும்ப மருத்துவமும் ஒரே துறைதான். எங்களிடம் கிராமம் இருக்கிறது, நகர்ப்புற மையம் இருக்கிறது, செவிலியர், ஜீப் எல்லாம் இருக்கிறது. மாணவர்கள் ஆளுக்குச் சில குடும்பங்களைத் தத்தெடுத்துக் கவனிக்கும் திட்டத்தையும் நாங்கள்தான் நடத்துகிறோம். உங்களிடம் இருப்பது எக்ஸ்ரே வாடை அடிக்கும் ஓர் அறை. கோபித்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் எழுதியதைத்தான் சொன்னேன்.

நெல்லைக்காரன் | செவ்வாய், காலை 6.30

கோபமில்லை மேடம், வாடை நிஜம்தான்.

கத்திக்காரர் சாருக்கு முதலில். எடின்பரோ கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அந்தப் பதவியில் முதலில் உட்கார்ந்தவர் ரிச்சர்ட் ஸ்காட். அவர் அங்கே நோயாளி பார்த்துக்கொண்டே மாணவருக்குச் சொல்லித்தரும் ஜெனரல் பிராக்டிஸ் யூனிட்டைத் தொடங்கியது 1948இல். அதாவது ஓ.பி. வந்து 15 வருஷம் கழித்துத்தான் நாற்காலி வந்தது. நீங்கள் காட்டிய உதாரணமே எனக்குச் சாட்சி சொல்கிறது.

மேடம் கேட்டதற்கு ஒரு பழைய கணக்கு. 1961இல் கெர் வைட் என்பவர் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் கிடைத்த தகவல்களை வைத்துப் போட்டது. வயது வந்தவர்கள் 1000 பேரை எடுத்துக்கொண்டால், ஒரு மாதத்தில் 750 பேருக்கு ஏதோ ஓர் உபாதை. 250 பேர் டாக்டரைப் பார்க்கிறார்கள், 9 பேர் அட்மிட் ஆகிறார்கள், பல்கலைக்கழக ஆஸ்பத்திரி வரை வருவது ஒரே ஒருவர். நம் மாணவர்கள் ஐந்தரை வருஷமும் படிப்பது அந்த ஒருவரை வைத்து. உங்கள் துறை அந்த 1000 பேரையும் கணக்கெடுக்கிறது, சர்வே செய்கிறது, சரி. அந்த 250 பேருக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து வைத்தியம் பார்ப்பது யார்? அந்த இடம்தான் காலியாகக் கிடக்கிறது.

ஒரு கேஸ் சொல்கிறேன். பீடி சுற்றும் அம்மா, 58 வயது. கால் வீக்கம் என்று வந்தார். மஞ்சள் பையில் ஐந்து ஓ.பி. சீட்டு. பிரஷருக்கு இரண்டு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார். அட்டையில் பெயர் வேறு, உள்ளே இரண்டுமே அம்லோடிபின். அது காலை வீங்கவைத்திருக்கிறது. வீக்கத்துக்கு வேறொரு இடத்தில் நீர் பிரியும் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், அதுவும் சாயங்கால வேளைக்கு. ராத்திரி நான்கு தடவை எழுந்திருக்கிறார். அதற்குச் சிறுநீரக ஓ.பி.யில் ஒரு சீட்டு. எழுந்து போகும்போது நடையில் விழுந்திருக்கிறார், அதற்கு எலும்பு ஓ.பி.யில் இன்னொன்று. ஒவ்வொரு டாக்டரும் தன் முன்னால் இருந்ததைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறார். பையை மேஜையில் கொட்டச் சொன்ன ஆள்தான் இல்லை.

கத்திக்காரர் | செவ்வாய், மதியம் 1.20

1948 விஷயம் எனக்குத் தெரியாது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 15 வருஷம் சம்பளம் போட்டுக் காத்திருக்க உங்கள் மேனேஜ்மென்ட் என்ன ஸ்காட்லாந்தா?

அந்த அம்மா கதைக்கு வருவோம். பையைக் கொட்டிப் பார்க்க எம்.டி. பட்டம் எதற்கு? விவரமான மருந்தாளுநர் போதும். அந்தக் காலத்தில் எங்கள் ஊர் டிஸ்பென்சரியில் ஒரு எல்.ஐ.எம். (இந்திய மருத்துவப் பட்டயம்) டாக்டர் இருந்தார். மிக்சர் பாட்டிலில் காகிதத்தை வெட்டி அளவு ஒட்டிக் கொடுப்பார், தாத்தா முதல் பேரன் வரை எல்லார் உடம்பும் அவருக்கு மனப்பாடம். கைராசிக்காரர் என்று பெயர். அவருக்குத் துறையும் இல்லை, தீசிஸும் இல்லை.

நெல்லைக்காரன் | செவ்வாய், மதியம் 2.05

அந்த டாக்டரை நீங்கள் கைராசி என்கிறீர்கள். நார்வேயில் அதை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். ஒரே டாக்டரிடம் 15 வருஷத்துக்கு மேல் இருந்தவர்களை, ஒரு வருஷம் மட்டும் இருந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். கிளினிக் மூடிய நேரத்தில் தேடிப்போகும் அவசர வைத்தியம், ஆஸ்பத்திரி அட்மிஷன், மரணம் மூன்றுமே 15 வருஷக்காரர்களிடம் கால் பங்கு அளவுக்குக் குறைவு. 2022இல் பிரிட்டிஷ் ஜெனரல் பிராக்டிஸ் இதழில் வந்தது. கைராசியை அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொடுக்க ஓர் இடம் வேண்டும் அல்லவா? உங்கள் ஊர் டாக்டர் போனதோடு அவர் மனப்பாடமும் போய்விட்டது.

ஊர்க்கணக்கு | செவ்வாய், மாலை 5.48

நோய் பரவும் கணக்கையே பாடமாக எடுக்கும் எபிடெமியாலஜிக்காரியிடம் புள்ளிவிவரம் காட்டினால் சும்மா விடுவேனா? உடம்பு ஓரளவு சீராக இருப்பவர்களும், வீடு மாறாதவர்களும்தான் ஒரே டாக்டரிடம் 15 வருஷம் இருப்பார்கள். தொடர்பு இருக்கிறது என்று சொல்லுங்கள், காரணம் அதுதான் என்று சொல்லாதீர்கள். நார்வேக்காரர்கள் வயது, நோய்களையெல்லாம் கணக்கில் எடுத்துத்தான் பார்த்திருக்கிறார்கள், தெரியும். இருந்தாலும் உங்கள் வியாழக்கிழமைக் கூட்டத்தில் 'உயிர் காக்கும்' என்று அடித்துச் சொல்லிவிடாதீர்கள், யாராவது மடக்குவார்கள்.

சுண்டிக்குளி | செவ்வாய், இரவு 8.10

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் மருத்துவ பீடத்தில் சமுதாய மருத்துவமும் குடும்ப மருத்துவமும் ஒரே துறை. இங்கே களனிப் பல்கலைக்கழகத்தில் குடும்ப மருத்துவம் தனித்துறை. இரண்டையும் கிட்ட நின்று பார்த்தவள் என்பதால் சொல்கிறேன், பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பற்றி இவ்வளவு சண்டை தேவையில்லை. இறுதிப் பரீட்சையில் உங்கள் பாடத்துக்கு எத்தனை புள்ளி என்று கேளுங்கள். புள்ளி இல்லாத பாடத்துக்குப் பிள்ளைகள் கொப்பியே திறக்க மாட்டார்கள். நெல்லை டொக்டர் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே?

மூணாவது வருஷம் | செவ்வாய், இரவு 11.55

இப்போதுதான் காஷுவாலிட்டி டூட்டி முடிந்தது, தப்பு இருந்தால் மன்னியுங்கள். நான் குடும்ப மருத்துவ பிஜி, வேறு கல்லூரி.

நெல்லை சார், உங்கள் டோக்கன் யோசனை நன்றாக இருக்கிறது, ஆனால் அது நடக்காது. எங்களை இரண்டு மாதம் மகப்பேறு, இரண்டு மாதம் குழந்தை நலம், அப்புறம் பொது மருத்துவ வார்டு, மாவட்ட ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் என்று சுற்றுக்கு விடுகிறார்கள். எங்கே போனாலும் நாங்கள் ஆள் பற்றாக்குறைக்கு வந்த ஆள். டிரிப் போடு, டிஸ்சார்ஜ் எழுது. நோயாளி அடுத்த மாதம் டோக்கனோடு வந்து 'என் டாக்டர் எங்கே' என்று கேட்டால், நான் ஐந்தாவது மாடியில் பிரசவ வார்டில் நிற்பேன். மூன்று வருஷத்தில் நான் இரண்டாம் தடவை பார்த்த நோயாளிகள் எத்தனை பேர் என்று நேற்று எண்ணிப் பார்த்தேன். பதினொன்று.

தனி ஓ.பி. கேட்பதைவிட இதைக் கேளுங்கள்: பிஜி எந்த போஸ்டிங்கில் இருந்தாலும் வாரத்தில் ஓர் அரை நாள் துறை ஓ.பி.க்கு வந்தே ஆக வேண்டும், அந்த நேரத்தில் அவரை எந்த வார்டும் கூப்பிடக் கூடாது. அமெரிக்காவில் குடும்ப மருத்துவ ரெசிடென்ட்டுகளுக்கு (அங்கே பிஜிக்கு அதுதான் பெயர்) அப்படித்தான் சொந்தக் கிளினிக் இருக்கிறது. இதற்கு மற்ற ஹெச்.ஓ.டி.க்கள் ஒத்துக்கொள்ள வேண்டும். நிஜமான சண்டை அங்கேதான், பேராசிரியர் பதவியில் இல்லை.

நெல்லைக்காரன் | புதன், காலை 6.10

தம்பி, பதினொன்று என்ற எண்ணைப் படித்தபிறகு தூக்கம் வரவில்லை. என் ஆறு பிஜிக்களிடமும் கேட்டேன். ஒருத்தர் நான்கு என்றார். இன்னொருத்தர் பதிலே சொல்லாமல் சிரித்தார். 14 மாதமாக நான் அறைக்கும் போஸ்ட்டுக்கும் அலைந்திருக்கிறேன், இதை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

கோரிக்கையை மாற்றி எழுதிவிட்டேன். தனி ஓ.பி. அப்படியே இருக்கிறது. அதற்கு மேலே, பிஜி ஆறு பேருக்கும் ஆளுக்கு ஓர் அரை நாள், கிழமை குறித்து. சுண்டிக்குளி டொக்டர் சொன்ன மார்க் விஷயம் பல்கலைக்கழகத்தின் கையில் இருக்கிறது. ஹவுஸ் சர்ஜன்களுக்கு இரண்டு வாரம் எங்கள் ஓ.பி. என்பதை மட்டும் இப்போதைக்குக் கேட்கிறேன். மேடம், சேருவதற்கு இன்னும் சம்மதமில்லை. ஆனால் எங்கள் சமுதாய மருத்துவத் துறையின் நகர்ப்புற மையத்தில் சனிக்கிழமை ஓ.பி.யை நாங்கள் நடத்துகிறோம் என்று கேட்கப் போகிறேன்.

ஊர்க்கணக்கு | புதன், காலை 7.25

அந்த ஹெச்.ஓ.டி. இடத்தில் நான் இருந்தால் கொடுப்பேன். ஆனால் ரெஜிஸ்டர் எங்கள் துறையில்தான் இருக்க வேண்டும் என்பேன். எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள், வாய்வார்த்தையில் விடாதீர்கள்.

கத்திக்காரர் | புதன், காலை 8.00

பிரசவ வார்டு ஹெச்.ஓ.டி. அரை நாள் விடுவார் என்று நினைக்கிறீர்களா? கூட்டத்துக்கு முன்னாலேயே அவரைத் தனியாகப் போய்ப் பாருங்கள். கூட்டத்தில் வைத்துக் கேட்டால் எல்லார் முன்னாலும் முடியாது என்றுதான் சொல்வார். போஸ்ட் விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான்.