'கோ ஆஃப்': அலாரம் ஒலிப்பதற்கும் விளக்கு அணைவதற்கும் ஒரே தொடரா?

கேள்வி
வணக்கம். 'தி அலாரம் வென்ட் ஆஃப்' என்றால் அலாரம் ஒலித்தது என்றும், 'தி லைட்ஸ் வென்ட் ஆஃப்' என்றால் விளக்குகள் அணைந்தன என்றும் அகராதி சொல்கிறது. தொடங்குவதையும் நிற்பதையும் ஒரே தொடர் எவ்வாறு குறிக்கிறது? பால் கெட்டுப்போவது, வெடிகுண்டு வெடிப்பது, ஒன்றன் மீதிருந்த விருப்பம் அற்றுப்போவது எனப் பட்டியல் இன்னும் நீள்கிறது. அனைத்தையும் மனப்பாடம் செய்யத்தான் வேண்டுமா?

மறுமொழி 1
வேண்டியதில்லை. 'ஆஃப்' என்பதன் அடிப்படைப் பொருள் 'விலகி' என்பதே. ஆகவே எது எதிலிருந்து விலகுகிறது என்று கேட்டுப் பாருங்கள். விளக்கு எரியும் நிலையிலிருந்தும், பால் நல்ல நிலையிலிருந்தும் விலகுகின்றன. வெடிகுண்டிலும் அலாரத்திலுமோ, அதுவரை அடக்கி வைக்கப்பட்டிருந்த விசை பிடியிலிருந்து விடுபடுகிறது. இவ்விரு வகைகளையும் பிரித்தறிய எளிய சோதனை ஒன்று உண்டு. 'தி லைட்ஸ் ஆர் ஆஃப்', 'தி மில்க் இஸ் ஆஃப்' என்று சொன்னால், நிகழ்ச்சி முடிந்தபின் எஞ்சும் நிலையை அவை சரியாகவே குறிக்கின்றன. ஆனால் 'தி அலாரம் இஸ் ஆஃப்' என்றால் அலாரம் இயக்கப்படவில்லை, அதாவது ஒலிக்கவே ஒலிக்காது என்று பொருள்.

மறுமொழி 2
மேலே சொன்னதோடு நாட்டு வழக்கையும் கவனிக்க வேண்டும். பால் 'கோஸ் ஆஃப்' என்பது பிரிட்டிஷ் வழக்கு. அமெரிக்கர்கள் பெரும்பாலும் 'கோஸ் பேட்' என்பார்கள். விருப்பம் போய்விட்டதைச் சொல்லும் 'ஷி வென்ட் ஆஃப் ஹிம்' என்பதும் பிரிட்டிஷ் வழக்கே. அதில் 'ஆன்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்து 'ஷி வென்ட் ஆஃப் ஆன் ஹிம்' என்றால், அமெரிக்கப் பேச்சில் அவள் அவன்மீது சீறிப் பாய்ந்தாள் என்றாகிவிடும். எனக்கு இதுதான் பட்டியலிலேயே ஆபத்தான இடமாகத் தோன்றுகிறது.

மறுமொழி 3
இந்தத் திகைப்பு புதியதன்று. வினையுடன் சிறு சொல் சேர்ந்து பொருள் திரியும் தொடர்களே அயல்மொழியினருக்குப் பெரும் இடர்ப்பாடு தருகின்றன என்று சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியான தம் அகராதியின் முன்னுரையிலேயே குறிப்பிட்டிருக்கிறார். முதல் வகைக்கு நம் 'போ' துணைநிற்கும்: பால் கெட்டுப்போயிற்று, ஆசை விட்டுப்போயிற்று, மின்சாரம் போயிற்று. இரண்டாம் வகைக்கு அது உதவாது. 'அலாரம் போய்விட்டது' என்று நாம் சொன்னால் அது பழுதாகிவிட்டது என்றே கேட்பவர் கொள்வார்.

கேள்வி கேட்டவர்
மூவருக்கும் நன்றி. 'தி மீட்டிங் வென்ட் ஆஃப் வெல்' என்பது எந்த வகையைச் சேரும்?

மறுமொழி 1
இரண்டிலும் சேராது, கூட்டம் நல்லபடியாக நடந்தேறியது என்பதே அதன் பொருள். இப்பொருளில் வரும்போது 'வெல்', 'ஸ்மூத்லி' என எவ்வாறு நடந்தது என்பதைச் சொல்லும் ஒரு சொல் உடன்வர வேண்டும். 'தி மீட்டிங் வென்ட் ஆஃப்' என்று மட்டும் எழுதி நிறுத்தினால் வாக்கியம் முற்றுப்பெறாது.