புதுப்பிப்பு: சிறு வணிகர்களுக்கான ஜிஎஸ்டி சலுகையும் வாகன ஆவணக் கெடுவும் (ஜூலை 2020)

கொரோனா ஊரடங்கால் ஜிஎஸ்டிஆர்-3பி படிவம் (மாத விற்பனையையும் வரியையும் சுருக்கமாகக் காட்டும் ஜிஎஸ்டி கணக்கு) தாக்கல் செய்யாமல் விட்ட சிறு வணிகர்கள் தாமதக் கட்டணத்தை எப்படிச் சமாளிப்பது என்று 2020 ஜூனில் எழுதியிருந்தேன். ஜூலையில் அதற்குத் தெளிவு கிடைத்தது.

நாளொன்றுக்கு 50 ரூபாய் வீதம் ஏறிக்கொண்டிருந்த தாமதக் கட்டணம், 2017 ஜூலை முதல் 2020 ஜூலை வரையிலான மாதங்களுக்கு, படிவம் ஒன்றுக்கு அதிகபட்சம் 500 ரூபாய் என அப்போது வரையறுக்கப்பட்டது. வரிப் பொறுப்பே இல்லாத மாதமாக இருந்தால் அதுவும் இல்லை என்றானது. 2020 செப்டம்பர் 30-க்குள் தாக்கல் செய்தாக வேண்டும் என்பதே நிபந்தனையாக இருந்தது. முந்தைய மாதத்தை முடிக்காமல் அடுத்த மாதத்தைத் தாக்கல் செய்ய இயலாது என்பதால், பழைய நிலுவையிலிருந்து வரிசையாகத் தொடங்க வேண்டியிருந்தது. கடை பூட்டிக் கிடந்து விற்பனையும் கொள்முதலும் இல்லாத மாதத்திற்குக் கணினி மையத்தைத் தேட வேண்டியதில்லை; பதிவு செய்த கைபேசியிலிருந்து 14409 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பி, திரும்பி வரும் ஆறு இலக்கக் குறியீட்டால் உறுதிசெய்தால் போதும்.

தாமதமாகக் கட்டும் வரிக்கான வட்டி என்பது தனிக் கணக்கு. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய் வரை உள்ளவர்களுக்கு, 2020 பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான வரிக்கு, வட்டியே இல்லாத சலுகைக் கெடு முடிந்த பிறகும் அந்த ஆண்டு செப்டம்பர் 30 வரை 18-க்குப் பதில் 9 சதவீதமே வட்டியாக இருந்தது. வரித்தொகை குறையவில்லை என்பது வருத்தமே. இரண்டு மாதம் வருமானமின்றி வாடகை கட்டியவருக்கு அவகாசம் மட்டும் போதாது.

சரக்கு வாகனம் வைத்திருந்தோருக்கு: 2020 பிப்ரவரி 1-க்குப் பின் காலாவதியான தகுதிச் சான்று, பர்மிட், ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றை அந்த ஆண்டு செப்டம்பர் 30 வரை செல்லுபடியாகக் கருதுமாறு மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களை அப்போது அறிவுறுத்தியிருந்தது.